அம்மா சொன்னதாக நீங்கள் சொன்னது

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தார்கள். லிஃப்டில் இருந்து இறங்கியதுமே வாசனை வந்துவிட்டது. பச்சை வேப்பிலையும் அரைத்த மஞ்சளும் கலந்த அந்த வாடை, பதினோராவது மாடி நடையில், குழந்தைகளின் சைக்கிள்களுக்கு நடுவே. பசாரில் வாங்கிய கீரைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த வீட்டுப் பையன் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பந்து விளையாடுவான், நல்ல கட்டு. அவன் அம்மா கதவைப் பாதி திறந்து, "தம்பிக்கு அம்மா வந்திருக்கு பாட்டி. உள்ள வராதீங்க லா" என்றாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. "மூச்சு எப்படி இருக்கு?" என்றேன். அவள் முழித்தாள். "மூச்சுக்கு என்ன பாட்டி? நேத்தே கிளினிக் கூட்டிட்டுப் போயிட்டோம். மாத்திரை குடுத்திருக்காங்க. உள்ள உக்காந்து டிவி பாக்குறான்." எனக்கு அது போதவில்லை. "இருமல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ யாரையும் கேக்காத. தூக்கிட்டுப் போ" என்றேன். அவள் சரி என்று தலையாட்டும்வரை நான் நகரவில்லை. கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்குள் வந்து கீரை ஆய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது. நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன், நீங்களும், "ஊராருக்குப் புத்தி சொல்ற வேலைய உனக்கு யாருடி குடுத்தா?" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

நம்மைத் தெரியாதவர்கள் நம்மை அக்கா தங்கை என்று நினைத்தார்கள். தெரிந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அண்ணனை நீங்களும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு, குயின் தெருவுக்குப் பின்னால் அந்த மாடி வீட்டில், இரண்டு அறைக்கும் ஒரே அடுப்படி என்று வந்து மாட்டிக்கொண்ட ஓரகத்திகள். நான் தேங்காய் துருவினால் ஓட்டோடு சேர்த்துத் துருவுகிறேன் என்பீர்கள். நீங்கள் குழம்பு கூட்டினால் புளிக்கு வலிக்குமோ என்று பார்த்துப் போடுகிறீர்கள் என்பேன். உங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் தண்டல்; கப்பலில் இருந்து சரக்கு இறக்கும் தொங்கான் படகுகளில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். என் வீட்டுக்காரர் அதே தொங்கானில் மூட்டை தூக்குகிறவர். படகிலும் அண்ணன் சொல்தான், வீட்டிலும் அண்ணன் சொல்தான். அடுப்படி மட்டும் யார் சொல்லுக்கும் அடங்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். தெருவே எரிந்தது. நாம் ஓடினோம், திரும்பி வந்தோம், சண்டையை விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தோம். ஆனால் சண்டை போட அடுப்படியில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு வாடை அடிக்கும் பங்கீட்டு அரிசி ஒரு பிடி, மீதி எல்லாம் மரவள்ளிக் கிழங்கு. அவித்த கிழங்கு, துருவிக் காயவைத்து இடித்த கிழங்கு, அந்த மாவில் தட்டிய அடை. நான் அதற்குத் தோசை என்று பெயர் வைத்தேன். "பேர மாத்தினா தொண்டையில எறங்கிடுமாடி?" என்று கேட்டுக்கொண்டே உங்கள் பங்கில் பாதியை என் தட்டில் தள்ளுவீர்கள். கேட்டால் வயிறு சரியில்லை என்பீர்கள். அந்த ஜப்பான் காலம் முழுக்க உங்களுக்கு வயிறே சரியில்லை.

எனக்கோ எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டும். உரல் மாதிரி இருந்தேன். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, கைக்கு ஒரு தகர டின்னாக அந்தச் செங்குத்துப் படியில் மூச்சு வாங்காமல் ஏறுவேன். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை. "எங்க சின்னவளுக்குச் சீக்கு வந்தா சீக்குக்குத்தான் ஆபத்து" என்று கீழ்வீட்டுக்காரர்களிடம் பெருமை அடித்துக்கொண்டது நீங்கள்தான். என் காதுபட மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் சின்ன மகளுக்குத்தான் முதலில் அம்மை போட்டது. நாலு வயசு. முத்து முத்தாகச் சின்னம்மை. சொறிய விடாமல் நான்தான் மடியில் போட்டு வேப்பிலையால் தடவிக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளில் அது எழுந்து கொடிக்கயிற்றில் தொங்கி விளையாடியது. எனக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. அதை யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் ஊற்றி ஊரெல்லாம் மறந்த பிறகு, ஒரு காலையில் என் கழுத்தில் முதல் கொப்புளம் வந்தது. சாயந்திரத்துக்குள் முகம், முதுகு, வாய்க்குள் எல்லாம் போட்டுவிட்டது.

முறை என்றால் உங்களை யாரும் அசைக்க முடியாது. வேப்பிலைப் படுக்கை. வீட்டில் தாளிப்பு இல்லை, யாரும் தலை வாரக் கூடாது, வருகிறவர்களை வா என்றும் போகிறவர்களைப் போயிட்டு வா என்றும் சொல்லக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை அம்மை கண்டவள் படி தாண்டக் கூடாது. மருந்து என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. "வந்திருக்கிறது யாரு? அவளுக்கே மருந்தா?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். இதெல்லாம் போதாதென்று ஊரில் இன்னொரு பயமும் இருந்தது. பெரியம்மை என்று ஜப்பான்காரன் சந்தேகப்பட்டால் வீட்டையே கொளுத்திவிடுவான் என்று பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ, யாரும் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை. அதனால் ஜன்னலையும் சாத்தினோம்.

அம்மை கண்டவள் வாயில் வருவது அம்மன் வாக்கு. அவள் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அதனால் உங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, அறை வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிடுவார். ஊரையே மிரட்டுகிற தண்டல், தம்பி பெண்டாட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனுஷர். "தாயே, என்ன வேணும் தாயே?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டாம் நாளே, "வெல்லம் போட்ட காப்பி" என்றேன். அந்தப் பஞ்சத்தில் வெல்லத்துக்கு எங்கே போவார் பாவம்? மார்க்கெட் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கி ஒரு கட்டி கொண்டுவந்தார். நீங்கள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் காதருகில் குனிந்து, "அம்மாவுக்குக் காப்பி கேக்குதாம். தண்ணி ஊத்தட்டும், உனக்கு இருக்குடி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. அடுத்த நாள் இருமல் பிடித்தது. சளி இல்லாத வறட்டு இருமல். நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. தகரம் தூக்கிக்கொண்டு படியேறியவள், ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் புரண்டு படுப்பதற்கே மூச்சிரைத்தேன். காய்ச்சல் கொதித்தது. "அம்மா உக்கிரமா இருக்கா, குளுமை பண்ணணும்" என்றார் உங்கள் வீட்டுக்காரர். ஈரத்துணி போட்டார்கள். இளநீர் ஊற்றினார்கள். வேப்பிலையை இன்னும் பரப்பி மல்லாக்கக் கிடத்தினார்கள். எனக்கு நினைவு விட்டு விட்டு வந்தது. என் வீட்டுக்காரர், "அண்ணே, டாக்டரைக் கூப்பிட்டுப் பாக்கலாமாண்ணே" என்று மெல்ல இழுத்தார். "சும்மா இருடா! தெய்வ குத்தம் ஆயிடும். வீட்டுல புள்ளைங்க இருக்கு" என்றார் அண்ணன். தம்பி போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அண்ணன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன் அக்கா. அவர் பயம் உண்மையான பயம்.

உங்கள் கண் மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை நீங்கள் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தண்ணி குடுக்கத் தூக்குனேன்டி. ஒதடு நாவப்பழம் மாதிரி கறுத்துக் கெடந்துச்சு. தூக்கிப் புடிச்ச கொஞ்ச நேரத்துல வெளுத்துச்சு. திரும்பப் படுக்க வச்சேன், மறுபடி கறுத்துச்சு." உங்களுக்குச் சந்தேகம். மறுபடி தூக்கிப் பார்த்தீர்கள், மறுபடி படுக்க வைத்தீர்கள். குழம்பில் உப்புப் பார்க்கிற மாதிரி என்னைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறீர்கள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். "தாயே, என்ன வேணும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு சொல்லுக்கு வேண்டிய காற்றுகூட என்னிடம் இல்லை. நீங்கள் என் தலைமாட்டில் இருந்தீர்கள். குனிந்து என் வாயருகே காதை வைத்தீர்கள். இதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னது. பிறகு நிமிர்ந்து சொன்னீர்கள்.

"என்னைத் தூக்கி உக்கார வைங்கிறா."

அவர் உடனே, "வை, வை" என்றார். நீங்கள் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டு மறுபடியும் குனிந்தீர்கள்.

"என்னைப் படி தாண்டிக் கூட்டிட்டுப் போங்கிறா. ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்கா?" என்றார் அவர். "அம்மாவா ஆஸ்பத்திரின்னு சொன்னா?"

"அம்மாதான் சொன்னா."

"அம்மாவுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி?"

"அத நீங்களே கேளுங்க. அவ வாக்கை எதுத்துக் கேக்க உங்களுக்குத் தைரியம் இருந்தாக் கேளுங்க. எனக்கு இல்ல."

அவருக்கும் இல்லை. "தாயே, உன் இஷ்டம்" என்று தரையில் விழுந்து கும்பிட்டார். நீங்கள் அதற்குள் என் முடியை அள்ளி முடிந்து, புடவையால் சுற்றிவிட்டீர்கள். தம்பியும் அண்ணனுமாகக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார்கள். தெருமுனையைத் தாண்டி அவர்களை நீங்கள் வரவிடவில்லை. அந்த வாரம் முழுக்க வலுவான ஆம்பளைகளை ரோட்டில் பிடித்துச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருங்க. அம்மா என்கூடத்தான வர்றா" என்றீர்களாம். மூன்று சக்கரத் திரிஷா வண்டி மிதிக்கும் சீனக் கிழவர் என் முகத்தைப் பார்த்தார், தன் முகத்துத் தழும்புகளைத் தொட்டுக் காட்டிவிட்டு ஏறச் சொன்னார்.

வழியில் ஜப்பான் காவல்காரன் நிறுத்தியதை நீங்கள் வருஷக்கணக்கில் கதையாகச் சொன்னீர்கள். இறங்கி, இடுப்பு ஒடிய வணங்கினீர்கள். அவன் துப்பாக்கி நுனியால் புடவையை விலக்கிப் பார்த்தான். கொப்புளங்களைக் கண்டதும் பின்னாலேயே நடந்து சாக்கடையில் கால் வைத்துவிட்டான். போ போ என்று கையை ஆட்டினான். "அத்தனை நாளா நாம அவனுக்குக் குனிஞ்சோம். அன்னைக்குத்தான் அவன் வழி விட்டான்" என்று சொல்லி முடிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆஸ்பத்திரியில் தொற்றுநோய்க்காரர்களுக்குப் பின்பக்கம் ஓலைக் கொட்டகை. படுக்கை என்று பலகைதான். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனுஷர். காதில் குழாயை மாட்டி என் முதுகில் வெகுநேரம் கேட்டார். பிறகு உங்களிடம்தான் பேசினார். "தோலில போட்ட மாதிரி நெஞ்சுக்குள்ளயும் போட்டிருக்கு. ரெண்டு பக்கமும்."

"நல்ல தெம்பான பொண்ணுங்க டாக்டர். ஒரு நாள் படுத்ததில்ல. எம் புள்ளைக்கு வந்து விளையாட்டுப் போல போச்சே?"

"சின்னப் பிள்ளையளுக்கு அப்பிடித்தான் மாறிப் போகும். வளர்ந்த ஆக்களுக்கு வந்தால் சில பேருக்கு நெஞ்சில இறங்கிடும். நல்ல தேகக்காரரையும் இது விடாது. இவவில ஒரு குறையும் இல்லை, பிழையும் இல்லை."

நீங்கள் மருந்து கேட்டீர்கள். நீங்கள்! வாயில் வரக் கூடாத அந்தச் சொல்லை நீங்களே கேட்டீர்கள். அவர் தலையை ஆட்டினார். "நியுமோனியாவுக்கு ஒரு மாத்திரை இருந்தது, இப்ப இல்லை. இருந்தாலும் இதுக்குக் கேக்காது. இது வேற கிருமி. பிராணவாயு ஒரு உருளை கிடக்கு. அது முடியிறதுக்குள்ள இவவின்ர நெஞ்சு தானாத் தெளிய வேணும். நிமிர்த்தி இருத்தி வைச்சிருங்கோ. படுக்க விட்டிடாதேங்கோ. உங்களுக்கு முந்தி அம்மை வந்ததோ?" புருவத்துக்கு மேலே இருந்த பள்ளத்தைத் தொட்டுக் காட்டினீர்கள்.

தலையணை இல்லை, சாய்ந்துகொள்ளச் சுவரும் இல்லை. "நான் இருக்கேன்ல" என்று பலகைமேல் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்தீர்கள். என் முதுகை உங்கள் நெஞ்சில் சாய்த்து, இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. கஞ்சி குடித்தது அப்படி, கண் மூடியது அப்படி. மூக்கில் குழாய், முதுகில் நீங்கள். நீங்கள் எப்போது தூங்கினீர்கள், கை மரத்துப் போனபோது என்ன செய்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இழுடி… விடு… இழு…" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நடுநடுவே திட்டு வேறு. "செத்துக்கித்துத் தொலைச்சியோ, கொன்னுபுடுவேன் உன்னை. அடுப்படிய எனக்கு எழுதி வச்சுட்டுப் போலாம்னு பாக்குறியா? அப்புறம் நான் யார்கூடடி சண்டை போடுறது?"

என்னைத் திட்டாத நேரத்தில் நீங்கள் வேறு ஒருத்தியோடு பேசினீர்கள். வாய்க்குள்தான் முணுமுணுத்தீர்கள். ஆனால் உங்கள் நெஞ்சு என் முதுகில் ஒட்டியிருந்ததே, எனக்குக் கேட்டது. "பேசினது என் வாய்தான் தாயே. கோவத்த எம்மேல எறக்கு. இவ மேல வேணாம்." எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. காய்ச்சலில் ஏதோ கேட்கிறது என்று விட்டுவிட்டேன்.

உருளை முடிந்துவிட்டது. அதை நீங்கள் என்னிடம் மறைக்கப் பார்த்தீர்கள், ஆனால் குழாயில் வந்துகொண்டிருந்த சீறல் நின்றது எனக்கே தெரிந்தது. டாக்டர் வந்து குழாயைக் கழற்றிவிட்டு, என் நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் கை என்னை இறுக்கியது. ஓலை இடுக்கில் வெயில் நகர்ந்து என் காலில் இருந்து பலகைக்குப் போனது. நான் இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்பும் அரைதான் நிரம்பியது. ஆனால் அடுத்தது வந்தது. டாக்டர் கடைசியில், "பறவாயில்லை, பிடிச்சுக்கொண்டிட்டா" என்றார். நீங்கள் என் பிடரியில் முகத்தை வைத்து ஓவென்று அழுதீர்கள். என் முதுகெல்லாம் நனைந்தது. ஐயோ அக்கா, அந்த அழுகையை நான் எப்படி மறப்பேன்.

எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தேன். உரல் உலக்கையாகிவிட்டது என்று நீங்களே கேலி செய்தீர்கள். மூன்று தண்ணீரும் நீங்கள்தான் ஊற்றினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. உங்கள் வீட்டுக்காரர் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார்: தன் வீட்டுக்கு வந்த அம்மா வாயைத் திறந்து ஆஸ்பத்திரி கேட்டாள் என்று. தெருப் பெண்கள் தேங்காய் வாங்கக் காசில்லாமல் செம்பருத்திப் பூவோடு படியேறி வந்தார்கள். ஒருத்தி என் காலில் விழுந்து, "ஜப்பான்காரன் எப்ப போவான்னு மட்டும் சொல்லிடு தாயே" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. "நான் எப்ப ஆஸ்பத்திரின்னு…" என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தீங்களா, அம்மா கண் கலங்குறா. சீக்கிரம் போயிடுவானாம். எல்லாரும் எறங்குங்க" என்று விரட்டினீர்கள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதுகில் கேட்ட முணுமுணுப்பும் விளங்கியது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனீர்கள். நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் ஒரு கடுகு தாளிக்கக்கூடப் பயந்து முறை பார்க்கிறவர், அம்மன் பெயரில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லிவிட்டு என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் யாருக்காவது லேசாகக் காய்ச்சல் அடித்தால்கூட உங்கள் முகம் செத்துப்போகும். அந்த வருஷம் தொடங்கி, ஜப்பான்காரன் போன பிறகும், வெள்ளைக்காரன் போன பிறகும், முட்டி தேயும்வரை மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தீர்கள். "என்னக்கா வேண்டுதல்?" என்று சும்மா சீண்டுவேன். "எம் வேண்டுதல் எனக்கு. உன் சோலியப் பாரு" என்பீர்கள். நான் உங்கள் பக்கத்திலேயே வேப்பிலைச் செம்பு எடுத்துக்கொண்டு நடப்பேன். உங்கள் உள்ளங்கையில் கொப்புளம் வந்திருக்கிறதா என்று வீட்டுக்கு வந்ததும் பார்ப்பேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூவருக்கும் நீங்கள்தான் முதல் எண்ணெய் வைத்தீர்கள். தனி வீடு போனோம், தனி அடுப்பு கிடைத்தது. சண்டை போட ஆள் இல்லாமல் வாரம் ஒரு நாள் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவை உங்களுக்கு நன்றி சொன்னேனா? நம் வீடுகளில் யார் அதையெல்லாம் சொல்கிறார்கள். சோறு போடுவோம், மீன் தலையை எடுத்து வைப்போம், திட்டுவோம். இப்போது எழுத்தில் சொல்கிறேன், வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். நான் விட்ட ஒவ்வொரு மூச்சுக்கும் உங்களுக்கு நன்றி அக்கா.

போன வருஷம் உங்கள் நெஞ்சு தளர்ந்தபோது நான் வந்து உங்களோடு தங்கினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் தானாக நிமிர்கிறது. இருந்தாலும் நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நர்ஸ் திட்டினாள். "அந்தக் காலத்துப் பழக்கம் மிஸ், விட்டுருங்க" என்றீர்கள். அவள் போன பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்.

"சின்னவளே, அன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லலடி. உனக்குப் பேச்சே இல்ல. நானா சொன்னது. அம்மா பேர்ல பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்க்கா. நீங்க கிள்ளின அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தியா? உன் வாய் மூடுமாடி?" சிரிக்கப் பார்த்தீர்கள், இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும், "அவ கேட்டா என்ன சொல்றது?" என்றீர்கள். உங்கள் குரலில் பயம் இருந்தது. அத்தனை தீச்சட்டிக்குப் பிறகும் இருந்தது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். உங்கள் மகள் காப்பித் தண்ணீரோடு உள்ளே வந்தாள், பேச்சு நின்றுவிட்டது. சாயந்திரம் நீங்கள் கண் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை.

அந்தப் பதிலைத்தான் சொல்ல உட்கார்ந்தேன். அன்றைக்கு வேப்பிலைப் படுக்கையில் எனக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது. என்னைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, உங்களைக்கூடத் தெரியவில்லை. இருட்டில் இறங்கிக்கொண்டே இருந்தேன், போனால் போகட்டும் என்று இருந்தது. அப்போது மேலே இருந்து ஒரு குரல் கேட்டது. தொண்டை கட்டி, கரகரவென்று, யாருக்கும் பணியாத குரல். "என்னைத் தூக்கி உக்கார வை" என்றது. அது மாரியம்மாதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஏறி வந்தேன். பிழைத்து எழுந்து வெகுநாள் கழித்து, நீங்கள் அடுப்படியில் யாரையோ அதட்டியபோதுதான் அதே குரல் என்று அடையாளம் தெரிந்தது.

அவள் கேட்டால் இதைச் சொல்லுங்கள் அக்கா. சின்னவள் அன்றைக்கு உன் குரலைக் கேட்டாளாம் என்று சொல்லுங்கள். இன்றைக்கும் கோயிலில் கண்ணை மூடி நின்றால், அம்மா என்னோடு உங்கள் குரலில்தான் பேசுகிறாள்.